ஓ.பி. நோட்டிலிருந்து கணினிக்கு: பாலக்கோடு பக்கத்துச் சிறு கிளினிக்குக்கு யோசனை தேவை

பாலக்கோடு_டாக்டர் | ஞாயிறு, இரவு 10.20

எல்லோருக்கும் வணக்கம். அப்பா தொடங்கிய கிளினிக்கை ஆறு ஆண்டுகளாக நான் நடத்திவருகிறேன். காலையில் எழுபது, எண்பது பேர் வருவார்கள். மாலையில் நாற்பது பேர். ஐந்து படுக்கைகள், ஒரு சிறிய லேப், ஒட்டினாற்போல் மருந்துக்கடை. அப்பாவும் தினமும் இரண்டு மணி நேரம் வந்து உட்கார்ந்து பார்க்கிறார்.

எங்களிடம் இருப்பது நோட்டு முறை. முதல் தடவை வருபவர் பத்து ரூபாய் கொடுத்து ஒரு நோட்டு வாங்கிக்கொள்ள வேண்டும், அடுத்த தடவை அதைக் கையோடு கொண்டுவர வேண்டும். பாதிப் பேர் கொண்டுவருவதில்லை. "பரணில் இருக்கிறது சார்" என்பார்கள். சர்க்கரைக்கு என்ன மாத்திரை போடுகிறீர்கள் என்று கேட்டால், "வெள்ளையாக, சின்னதாக, நடுவில் கோடு போட்டது" என்று பதில் வரும்.

சென்ற மாதம், பென்சிலின் ஒத்துக்கொள்ளாத ஒரு பெண்ணுக்கு அதே வகையைச் சேர்ந்த அமாக்சிசிலின் எழுதிவிட்டேன். எங்கள் கம்பவுண்டர் அண்ணனுக்கு அவருடைய பழைய கதை நினைவில் இருந்ததால் தப்பித்தோம். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

இரண்டு நிறுவனத்தார் வந்து மின்னணு மருத்துவப் பதிவுக்கான மென்பொருளை ஓட்டிக் காட்டினார்கள். ஒன்றுக்கு மாதக் கட்டணம், மற்றொன்றுக்கு ஒரே தடவைக் கட்டணம். இரண்டும் பளபளவென்றுதான் இருக்கின்றன. எதை வாங்கலாம்?


ஓசூர்_நிரலர் | ஞாயிறு, இரவு 11.05

வணக்கம் டாக்டர். நான்கு ஆண்டுகளாக இதுதான் என் பிழைப்பு. தேன்கனிக்கோட்டையிலிருந்து ஊத்தங்கரை வரை சிறு கிளினிக்குகளை நோட்டிலிருந்து கணினிக்கு மாற்றிக் கொடுக்கிறேன். எந்த மென்பொருளையும் நான் விற்பதில்லை. யாராவது கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்.

எதை வாங்கலாம் என்பதைக் கடைசியில் பேசிக்கொள்ளலாம். யார் தட்டச்சு செய்யப்போகிறார்கள் என்பதைச் சொல்லுங்கள். காலையில் எண்பது பேர் என்றால், ஆளுக்கு ஒரு நிமிடம் கூடினாலே எண்பது நிமிடம். ஒரு மணிக்கு முடிகிற ஓ.பி. இரண்டு இருபதுக்கு முடியும். வெளியே காத்திருப்பவர்கள் உங்கள் கம்பவுண்டர் சட்டையைப் பிடிப்பார்கள். மூன்றாம் நாள் நீங்களே கணினியை மூடிவிட்டு நோட்டைக் கையில் எடுப்பீர்கள். நான் பார்த்த தோல்விகளில் பெரும்பாலானவை மூன்றாம் நாள் தோல்விகள்.

அந்த நிறுவனத்தார் ஓட்டிக் காட்டிய நோயாளிக்குக் காய்ச்சல் மட்டும்தானே இருந்தது? எல்லோரும் அதைத்தான் காட்டுவார்கள். ஒரு திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்கு வரச் சொல்லுங்கள். உங்கள் வரிசையில் நிற்கும் பத்துப் பேரை, உங்கள் ஆட்களை வைத்துப் பதிவுசெய்து காட்டட்டும். வருகிறேன் என்று சொல்பவரிடம் மட்டும் விலை பேசுங்கள்.


முன்னாள்_கம்பவுண்டர் | திங்கள், காலை 6.10

டாக்டர் தம்பி, காரிமங்கலத்தில் முப்பத்தொரு வருடம் கம்பவுண்டராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். எங்கள் டாக்டரிடம் 2014இல் கணினி வந்தது. தட்டச்சு பழகிவிட்டேன், அது பெரிய வித்தையில்லை. பெயர்தான் எங்களைக் கவிழ்த்தது.

நம் மாவட்டத்தில் ஓ.பி. வாசலில் நின்று "மாதேஷ்" என்று குரல் கொடுத்துப் பாருங்கள். நான்கு பேர் எழுந்து வருவார்கள். மாதேஸ்வரன் மலைச் சாமிக்கு வேண்டிக்கொண்டு வைத்த பெயர்: மாதேஷ், மாதையன், மாதப்பன், மாதம்மாள். ஒரே வருடத்தில் எங்கள் கணினியில் மாதேஷ் மட்டும் நாற்பதைத் தாண்டிவிட்டார்கள். உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தால் அதில் பாதி ஒரே ஆட்கள். ஒரு தடவை இனிஷியல் முன்னால், ஒரு தடவை பின்னால், ஒரு தடவை இனிஷியலே இல்லை. ஆங்கிலத்தில் அடித்தால் ஒவ்வொரு பெண் ஊழியரும் ஒவ்வொரு விதமாக எழுத்துக்கூட்டுவார். பெண்களுக்கு இன்னும் கஷ்டம். கல்யாணத்துக்கு முன் அப்பா பெயர், பிறகு கணவர் பெயர், பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்தால் மறுபடியும் அப்பா பெயர்.

பிறந்த தேதியை வைத்துப் பிரிக்கலாம் என்றார் மென்பொருள்காரர். வயதானவர்களின் ஆதாரைப் பாருங்கள், பலருக்கு ஜனவரி 1தான் பிறந்தநாள். கைபேசி எண்ணை வைத்துப் பிரிக்கலாம் என்றார். ஒரு வீட்டுக்கு ஒரு கைபேசி, அதுவும் மகனுடையது.

கடைசியில் தாத்தா மாதேஷின் சர்க்கரை அளவு பேரன் மாதேஷின் கணக்கில் ஏறியது. பேரனுக்குப் பதினாறு வயது. அவன் அம்மா அழுத அழுகையை நான் மறக்கவில்லை.

பிறகு நான் சொல்லி ஒரு கட்டம் சேர்த்தார்கள். ஊர், தெரு, தகப்பன் பெயர், ஒரு அடையாளம். "டீக்கடை மாதேஷ்", "பால் சொசைட்டி மாதேஷ்" என்பது போல. உடனே ஆள் கிடைத்துவிடும். ஆனால் ஒரு புதுப் பையன் ஒருவருக்கு "குடிகாரன்" என்று அடையாளம் போட்டுவைத்தான். ஒருநாள் அது மருந்துச்சீட்டிலேயே அச்சாகி அவர் கைக்குப் போய்விட்டது. அடையாளத்தில் எதை எழுதலாம் என்பதை முதல் நாளே சொல்லிவையுங்கள்.

இன்னொன்று. நோட்டு விற்ற பணம் யாருக்குப் போகிறது?


பாலக்கோடு_டாக்டர் | திங்கள், மதியம் 3.15

ஐயா, மிக்க நன்றி. இன்று எங்கள் பதிவேட்டை எடுத்து எண்ணிப் பார்த்தேன். சென்ற வாரத்தில் மட்டும் முருகம்மாள் ஒன்பது பேர். நோட்டுப் பணம் பற்றி நான் கேட்டதே இல்லை. எதற்காகக் கேட்கிறீர்கள்?


முன்னாள்_கம்பவுண்டர் | திங்கள், மாலை 4.02

சும்மா கேட்டேன் தம்பி. விசாரித்துப் பாருங்கள்.


கிருஷ்ணகிரி_எலும்பு | திங்கள், இரவு 9.48

எல்லோரும் உற்சாகமாக இருக்கிறீர்கள், அதனால் நான் தண்ணீர் ஊற்றுகிறேன். இதே மாதிரி மென்பொருளை 2017இல் வாங்கி 2018இல் மூட்டைகட்டிப் பரணில் போட்டவன் நான்.

எலும்பு மருத்துவருக்கு வேண்டியது நடையைப் பார்ப்பது. நோயாளி கதவைத் திறந்து நாற்காலி வரை வருகிற ஆறடியில் பாதி விஷயம் தெரிந்துவிடும். நான் அந்த ஆறடியில் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காவேரிப்பட்டணத்திலிருந்து வந்த ஒரு பாட்டி வெளியே போய், "டாக்டர் டி.வி. பார்த்துக்கொண்டே மருந்து எழுதினார்" என்று சொல்லியிருக்கிறார். அதில் பொய் ஒன்றும் இல்லை.

இது என் சோம்பல் மட்டுமல்ல. 2016இல் ஓர் அமெரிக்க ஆய்வு வெளிவந்தது. மருத்துவர் நோயாளியோடு நேரடியாகச் செலவிடும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும், கணினியிலும் மேசை வேலையிலும் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் போகிறதாம். கோடி கோடியாகக் கொட்டியவர்கள் கதையே இப்படி.

நிறுத்துகிறேன் என்றபோது வந்தது அடுத்த அடி. என் நோயாளிகளின் தகவலை எனக்கே திருப்பிக் கொடுக்க அந்த நிறுவனம் தனிக் கட்டணம் கேட்டது. கொடுத்ததும் அச்சிட்ட தாள் போன்ற கோப்புகளாக. பெயர்களைப் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்து வைத்திருந்தார்கள். வேறு கணினியில் திறந்தால் கொசு கடித்த தடம் போல எழுத்தாக வருகிறது. ஒரு பெயரையும் படிக்க முடியவில்லை. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது.


ஓசூர்_நிரலர் | திங்கள், இரவு 11.30

டாக்டர், நீங்கள் ஊற்றிய தண்ணீர் வேண்டியதுதான். ஆனால் அமெரிக்கக் கதையில் இன்னொரு பக்கமும் உண்டு.

2009இல் ஹைடெக் சட்டம் என்று ஒன்று போட்டார்கள். மின்னணுப் பதிவுக்கு மாறி, அதைச் சொன்னபடி பயன்படுத்திக் காட்டும் மருத்துவருக்கு மெடிகேர் என்ற அரசு மருத்துவக் காப்பீட்டின் வழியாக ஐந்து ஆண்டுகளில் 44,000 டாலர் வரை கொடுத்தார்கள். பணம் வேண்டும் என்றால் கட்டங்களை நிரப்ப வேண்டும். நிரப்பினார்கள். நோயாளிக்குப் பயன்படுகிறதோ இல்லையோ, கட்டம் நிரம்பியது. நீங்கள் சொன்ன சலிப்பின் வேர்களில் ஒன்று அங்கே இருக்கிறது.

அதே சட்டத்தில் சத்தமில்லாமல் இன்னொரு வேலையும் நடந்தது. நாடு முழுவதும் 62 வட்டார உதவி மையங்களைத் திறந்தார்கள். ஓரிரு மருத்துவர்கள் நடத்தும் சின்ன கிளினிக்குகளுக்கு நேரில் போய், பக்கத்தில் உட்கார்ந்து மாற்றிக் கொடுப்பதுதான் அவற்றின் வேலை. ஒரு லட்சம் முதல்நிலை மருத்துவர்களைச் சென்றடைவது இலக்கு. மென்பொருளை வாங்குவது ஒருநாள் வேலை, பழகுவது மாதக்கணக்கு என்பதை அவர்கள் அப்போதே புரிந்துகொண்டிருந்தார்கள். நான் செய்வது அதைப் பார்த்துப் பழகியதுதான், சம்பளம் மட்டும் ரூபாயில்.

நம் ஊரில் 2021 செப்டம்பரில் ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் இயக்கத்தை நாடு முழுவதற்கும் தொடங்கினார்கள். நோயாளிகளின் மின்னணுப் பதிவுகளை அதில் இணைத்துப் பதிவேற்றும் மருத்துவமனைகளுக்கு 2023 ஜனவரியிலிருந்து ஊக்கத்தொகைத் திட்டமும் வந்தது. காலக்கெடுவைப் பல தடவை நீட்டித்தார்கள். கிடைத்தால் லாபம், ஆனால் அந்தப் பணத்தை நம்பி மாதத் தவணை கட்ட ஒப்புக்கொள்ளாதீர்கள்.

ஆறடி நடைக்கு என் பதில்: டாக்டர் தட்டச்சு செய்யவே கூடாது. எடை, ரத்த அழுத்தம், என்ன தொந்தரவு, எத்தனை நாள் என்பதெல்லாம் நர்ஸ் மேசையிலேயே ஏறிவிட வேண்டும். டாக்டர் வழக்கமாக எழுதும் இருபது முப்பது மருந்துக் கோவைகளை முன்கூட்டியே அமைத்து வைத்தால் அவர் தொடுவது மூன்று நான்கு இடம்தான். மற்றவற்றைத் தாளில் எழுதி, படம் பிடித்துக் கணக்கில் ஒட்டுங்கள். சுத்தமான முறை இல்லைதான். ஆனால் நிற்கும்.

பழைய நோட்டுகளைத் தட்டச்சு செய்ய ஆள் வைக்காதீர்கள். பர்கூரில் ஒரு மருத்துவர் இரண்டு பிள்ளைகளை வைத்து எட்டு மாதம் அடிக்கவைத்தார். அதில் முக்கால்வாசிப் பேர் திரும்பி வரவே இல்லை. ஆள் வரும்போது அவருடைய மூன்று விஷயங்களை ஏற்றினால் போதும்: எது ஒத்துக்கொள்ளாது, நாள்பட்ட நோய் என்ன, இப்போது என்ன மாத்திரை. நோட்டின் கடைசிப் பக்கத்தைப் படம் பிடித்துச் சேருங்கள்.

தொடங்கும் நாளுக்கு ஒரு ரகசியம். நான் எப்போதும் அஷ்டமி அல்லது நவமி பார்த்துத்தான் தொடங்குவேன். அன்று புதிதாக வைத்தியம் தொடங்க ஆட்கள் யோசிப்பார்கள், கூட்டம் கொஞ்சம் குறையும். என் அம்மாவுக்கு மட்டும் இது பிடிக்கவில்லை.


அரூர்_செவிலி | செவ்வாய், காலை 7.25

அஷ்டமி ரகசியம் எனக்குப் பிடித்திருக்கிறது, தம்பி. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை செய்பவள் நான். எங்களுக்கு அந்த ஒரு நிமிடக் கணக்கெல்லாம் பழைய கதை. ஒரே கர்ப்பிணியின் விவரத்தைப் பதிவேட்டில் ஒரு தடவை, கர்ப்பிணிகளைப் பதிவுசெய்யும் அரசின் பிக்மி இணையதளத்தில் ஒரு தடவை, அட்டையில் ஒரு தடவை எழுதிக்கொண்டிருக்கிறோம். விரல் தேய்ந்ததுதான் மிச்சம். அதனால் டாக்டர் சாரிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: ஏற்கெனவே வேறு எங்கேயோ கிடைத்த எண்ணை உங்கள் கணக்கில் ஒரு கட்டத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கர்ப்பிணி என்றால் பிக்மி எண். அது இல்லாமல் பிரசவத்துக்குப் பிறகு பிறப்புச் சான்றிதழுக்கும் மகப்பேறு நிதிக்கும் அலைய வேண்டியிருக்கும்.

காசநோய் என்றால் நிக்ஷய் எண், அதாவது காசநோயாளிகளுக்கான அரசுப் பதிவு எண். தனியார் மருத்துவரும் காசநோயை அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும் என்பது 2012 முதல் நடைமுறை. பலர் மறந்துவிடுகிறார்கள். நோயின் பெயரைத் தேர்ந்தெடுத்தவுடன் நினைவூட்டும் வசதி இருக்கிறதா என்று மென்பொருள்காரரிடம் கேளுங்கள்.

இன்னும் முக்கியமானது மக்களைத் தேடி மருத்துவம். 2021 ஆகஸ்டில் நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் அதைத் தொடங்கிவைத்தார்கள். அதன் தன்னார்வலர் வீட்டுக்கே வந்து ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை கொடுக்கிறார். அதே ஆள் உங்களிடமும் வந்து மாத்திரை வாங்குகிறார். இரண்டையும் சேர்த்துப் போட்டுக்கொண்டு மயங்கி விழுந்து எங்களிடம் வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். இரண்டும் ஒரே மருந்து, நிறம்தான் வேறு. "வீட்டுக்கு வரும் அரசு மாத்திரை" என்று ஒரு கட்டம் கட்டாயம் வையுங்கள்.

முடிந்தால் குடிநீருக்கும் ஒரு கட்டம். ஆழ்துளைக் கிணறா, ஒகேனக்கல் குழாயா? நம் பக்கத்து நிலத்தடி நீரில் இருக்கும் ஃபுளோரைடு உங்களுக்குத் தெரியாததில்லை. முதுகுவலி, மூட்டுவலி, பல்லில் பழுப்புக் கறை என்று வருபவர்களை ஊர்வாரியாகப் பிரித்துப் பார்த்தால், எந்த ஊரில் குழாய் தண்ணீர் வந்தும் பழைய போர்வெல் தண்ணீரையே குடிக்கிறார்கள் என்று தெரியும். அதைத் தாளில் செய்ய எனக்கு ஒரு கோடை விடுமுறை முழுவதும் பிடித்தது.


கிருஷ்ணகிரி_எலும்பு | செவ்வாய், காலை 8.40

குடிநீர்க் கட்டம் நல்ல யோசனை, சகோதரி. இது அப்போது எனக்குத் தோன்றியிருந்தால் ஒருவேளை கணினியைப் பரணில் போட்டிருக்க மாட்டேன். ஒருவேளை.


மருந்துக்கடை_பென்னாகரம் | செவ்வாய், பகல் 12.15

கடைக்காரன் பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை. கணினியில் அச்சடித்த சீட்டு வந்தால் எங்களுக்கு நிம்மதிதான். டாக்டர் கையெழுத்தைப் பார்த்து மருந்து கண்டுபிடிப்பது ஜோசியம் சொல்வது மாதிரி. ஆனால் அச்சடித்த சீட்டில் தவறு வந்தால், அது அழகாக, தெளிவாக வருகிறது. யாருக்கும் சந்தேகம் வராது.

ஆங்கிலத்தில் "met" என்று மூன்று எழுத்து அடித்தால் பட்டியலில் மெட்ஃபார்மின், மெட்ரோனிடசோல், மெட்டோபுரோலால், மெத்தோட்ரெக்சேட் எல்லாம் அடுத்தடுத்து நிற்கும். ஒன்று சர்க்கரைக்கு, ஒன்று வயிற்றுக் கிருமித் தொற்றுக்கு, ஒன்று இதயத்துக்கு. கடைசியானதை மூட்டுவாதத்துக்கு வாரத்துக்கு ஒரு நாள் மட்டும்தான் கொடுப்பார்கள். அதைத் தினமும் என்று அச்சடித்த சீட்டு ஒன்று என் கைக்கு வந்தது. விரல் வழுக்கியிருக்கிறது, அவ்வளவுதான். தொலைபேசியில் கூப்பிட்டுக் கேட்டேன். கேட்காமல் கொடுத்திருந்தால் ஆள் பிழைத்திருப்பாரா என்பது சந்தேகம்.

நாட்டிலுள்ள எல்லா மருந்தும் அடங்கிய பட்டியல் இருக்கிறது என்று நிறுவனத்தார் பெருமையாகச் சொல்வார்கள். வேண்டாம். உங்கள் கடையில் இருக்கும் இருநூறு மருந்தை மட்டும் வையுங்கள். ஆபத்தானவை அந்தப் பட்டியலில் வரவே கூடாது, முழுப் பெயரை அடித்தால்தான் வர வேண்டும்.


சூளகிரி_மகன் | செவ்வாய், இரவு 10.55

நான் மருத்துவர் இல்லை. பெங்களூரில் வேலை பார்க்கிறேன், அப்பா அம்மா சூளகிரிப் பக்கம் கிராமத்தில். ஒரு மருத்துவமனையில் அப்பாவுக்கு ஆபா என்ற 14 இலக்க தேசியச் சுகாதார அடையாள எண் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். ஆதாரோடு இணைந்த கைபேசி என்னுடையது. ரகசிய எண் எனக்கு வருகிறது, நான் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கிறேன், எடுக்கவில்லை. அப்பா இரண்டு மணி நேரம் வெளியே நின்றிருக்கிறார். அந்த எண் இல்லாமல் சீட்டுப் போட மாட்டோம் என்றார்களாம். எழுபத்திரண்டு வயது. மருத்துவர்களுக்குச் சொல்லுங்கள்.


ஓசூர்_நிரலர் | செவ்வாய், இரவு 11.20

அண்ணா, அவர்கள் செய்தது தவறு. ஆபா எண் எடுப்பது அவரவர் விருப்பம். அது இல்லை என்பதற்காகச் சிகிச்சையை மறுக்கக் கூடாது. கிளினிக்குகளில் நான் சொல்வது: உங்கள் சொந்த நோயாளி எண்ணைக் கொடுத்து முதலில் பாருங்கள். ஆபாவை வீட்டில் மகன் வந்திருக்கும் பண்டிகை நாளில் சேர்த்துக்கொள்ளலாம். பொங்கல் வாரத்தில் நான் அதற்கென்றே ஒரு மேசை போடுவேன்.


நிர்வாகி | புதன், காலை 9.00

இந்த இழையில் இரண்டு விளம்பரப் பதிவுகளை நீக்கியிருக்கிறேன். ஒன்று மென்பொருள், மற்றது மாங்கன்று. இரண்டாவதை நீக்க மனம் வரவில்லை, ஆனால் விதி விதிதான்.


தருமபுரி_வழக்கறிஞர் | புதன், மாலை 6.30

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

மருத்துவர்களுக்கான 2002ஆம் ஆண்டு நடத்தை விதிகளின்படி, உள்நோயாளியின் பதிவுகளைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். பதிவுகளைக் கணினிமயமாக்க முயல வேண்டும் என்பதும் அதே விதிகளில் இருக்கிறது. அதாவது டாக்டர் இப்போது செய்யப்போவதை இருபது ஆண்டுகளுக்கு முன்பே எழுதிவைத்துவிட்டார்கள்.

2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், தகவலைக் காக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் உண்டு. பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. ஐந்து படுக்கைக் கிளினிக்கில் நான் பார்க்கும் ஆபத்து வேறு: ஒரே கடவுச்சொல்லை நான்கு ஊழியரும் பயன்படுத்துவது, திரையை வரிசையில் நிற்பவர் பக்கம் திருப்பி வைப்பது, லேப் முடிவை வாட்ஸ்அப் குழுவில் போடுவது. ஊர் சின்னது. ஒரு கல்யாணமாகாத பெண்ணின் பரிசோதனை முடிவு பேருந்து நிலையம் வரை போக அரை மணி நேரம் போதும். எச்.ஐ.வி. விவரம் வெளியே கசிந்தால் அதற்கு 2017ஆம் ஆண்டின் தனிச் சட்டமே இருக்கிறது.

ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதி வாங்குங்கள்: தகவல் கிளினிக்குடையது, கேட்கும் நாளில் முழுவதையும் பிற மென்பொருளில் திறக்கக்கூடிய வடிவில், எந்தக் கணினியிலும் படிக்க முடிகிற யூனிகோடு எழுத்தில், கட்டணமின்றித் தர வேண்டும். கிருஷ்ணகிரி டாக்டர் கதையைப் படித்தபிறகு "யூனிகோடு" என்ற சொல்லைச் சேர்த்தேன்.


ஓசூர்_நிரலர் | புதன், இரவு 9.15

வக்கீல் ஐயா சொன்ன வரியோடு நான் இன்னொன்றும் செய்வேன். பணம் கட்டுவதற்கு முன் பத்துப் பேரைப் பதிவுசெய்து, அந்தப் பத்தையும் வெளியே எடுத்துக் காட்டச் சொல்வேன். ஒப்பந்தத்தைவிட இதை நம்புகிறேன்.

நகல் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் கணினிகளைத் தாக்குதல்காரர்கள் முடக்கினார்கள். அவ்வளவு பெரிய மருத்துவமனை, வாரக்கணக்கில் கையால் சீட்டு எழுதியது. நமக்குத் தாக்குதல்காரர் வேண்டாம், சாலை விரிவாக்கத்துக்கு வரும் ஒரு மண்வாரி இயந்திரம் போதும். கேபிளைத் தோண்டி எடுத்துவிட்டுப் போய்விடும். ஆகவே கிளினிக்குக்குள்ளேயே ஓடும் ஒரு கணினி, இன்வர்ட்டர், தினமும் இரவு ஒரு நகல் வெளி வட்டில், அந்த வட்டு டாக்டர் வீட்டில், பூட்டுச்சொல்லோடு. இணையம் இருக்கும்போது இன்னொரு நகல் மேலே போகட்டும். மாதம் ஒருநாள் அந்த நகலிலிருந்து திறந்து பாருங்கள். ராயக்கோட்டையில் ஒருவர் ஒன்றரை வருடம் தினமும் நகல் எடுத்தார், திறந்து பார்த்த அன்று அது காலியாக இருந்தது.


பாலக்கோடு_டாக்டர் | ஏழு வாரங்களுக்குப் பிறகு, ஞாயிறு, இரவு 9.40

காணாமல் போனதற்கு மன்னியுங்கள். நடந்ததைச் சொல்கிறேன்.

திங்கட்கிழமை பத்தரை மணிக்கு வரச் சொன்னேன். ஒரு நிறுவனத்தார் வரவே இல்லை. மற்றவர் வந்து பத்துப் பேரில் ஆறு பேரைப் பதிவுசெய்தார், நான்கில் திணறினார். அவரையே தேர்ந்தெடுத்தேன், திணறியதை மறைக்கவில்லை என்பதுதான் காரணம்.

ஒரு நவமியன்று தொடங்கினோம். முதல் வாரம் நரகம். மூன்றாம் நாள் நானும் கணினியை மூடப் போனேன், நிரலர் எழுதியது நினைவுக்கு வந்து சிரித்துவிட்டேன். ஆனால் நர்ஸ் மேசை சுறுசுறுப்பாக இருந்தும் கம்பவுண்டர் அண்ணன் மேசை நகரவே இல்லை. "சர்வர் தூங்குகிறது" என்பார், "கண் தெரியவில்லை" என்பார். இரண்டாம் வாரம், காரிமங்கலத்து ஐயா கேட்ட கேள்வி நினைவுக்கு வந்தது. அப்பாவிடம் கேட்டேன்.

நோட்டு விற்ற பணம் முழுவதும் கம்பவுண்டர் அண்ணனுக்குத்தானாம். அப்பா காலத்தில் சம்பளம் குறைவாகக் கொடுத்ததால் செய்துகொண்ட ஏற்பாடு. இருபத்தைந்து ஆண்டுகளாக நடக்கிறது. நான் நோட்டை நிறுத்துகிறேன் என்றால், அவர் சம்பளத்தில் ஒரு பங்கைப் பிடுங்குகிறேன் என்று அர்த்தம். அவரும் வாய் திறந்து சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மறுநாளே சம்பளத்தைக் கூட்டினேன். அதற்கடுத்த நாளிலிருந்து சர்வர் விழித்துக்கொண்டது.

இப்போது முருகம்மாள்களைப் பிரிப்பது அவர்தான். அடையாளக் கட்டத்தில் "மாரண்டஅள்ளி, தக்காளி மண்டிப் பக்கம், மூன்று பெண் பிள்ளைகள்" என்று எழுதுகிறார். முதல் மாதத்தில் இரட்டைப் பதிவுகள் முப்பத்திநான்கு, அதில் முப்பத்தொன்றை அவரே கண்டுபிடித்தார். பென்சிலின் பெண் போன வாரம் இருமலோடு வந்தார். பெயரைத் திறந்ததும் மேலே சிவப்புப் பட்டை வந்தது.

அப்பா இன்னும் தாளில்தான் எழுதுகிறார். அண்ணன் அதைப் படம் பிடித்துச் சேர்க்கிறார். நேற்று அப்பா திரைப் பக்கம் எட்டிப் பார்க்காமல், "அந்த அம்மாவுக்குப் போன தடவை பிரஷர் எவ்வளவு, பார்த்துச் சொல்" என்று கேட்டார். சொன்னதும் தலையாட்டிவிட்டு எழுதினார்.

லேப் இன்னும் இணையவில்லை. குடிநீர்க் கட்டத்தை நர்ஸ்கள் பாதி நேரம் விட்டுவிடுகிறார்கள். அரசு மாத்திரைக் கட்டம் மட்டும் முதல் வாரத்திலேயே இரண்டு பேரைக் காப்பாற்றியது, செவிலி அம்மாவுக்குக் கோடி நன்றி.

நோட்டு விற்பதை நிறுத்திவிடலாமா?


முன்னாள்_கம்பவுண்டர் | திங்கள், காலை 5.50

நிறுத்த வேண்டாம் தம்பி. வேறு ஊர் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அந்த மக்கள் கையில் ஏதாவது இருக்க வேண்டும். சீட்டை அச்சடித்து நோட்டில் ஒட்டிக் கொடுங்கள். பசை நல்லதாக வாங்குங்கள், கரப்பான் தின்னும்.


கிருஷ்ணகிரி_எலும்பு | திங்கள், காலை 8.05

நிரலர் தம்பி, பாமினி எழுத்தை யூனிகோடாக மாற்ற முடியுமா? பரணில் வட்டு இருக்கிறது.


ஓசூர்_நிரலர் | திங்கள், காலை 8.11

முடியும் டாக்டர். வியாழன் கிருஷ்ணகிரி வருகிறேன். வட்டைத் துடைக்காமல் அப்படியே வையுங்கள்.